கோவெண்டர், மூட்லி, முன்சாமி: டர்பன் குடும்பப் பெயரிலிருந்து பூர்வீக ஊரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் சொந்தமோ நட்போ உள்ளவர்களுக்கு இப்படி ஒரு செய்தி வருவது இப்போது சகஜம்: "எங்கள் குடும்பப் பெயர் மூட்லி. பாட்டனுக்குப் பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். எங்கள் ஊர் எது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" கூடவே டிஎன்ஏ சோதனை முடிவு ஒன்றும் வந்து சேரும். அதில் "தென்னிந்தியா, இலங்கை" என்று ஒரு பெரிய வட்டம் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது?

பலரும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். டிஎன்ஏ கடைசியில் வரவேண்டியது. குடும்பப் பெயரும் பாதி வழிக்குத்தான் துணை. ஊர் வரை கூட்டிப்போவது ஓர் எண். அந்த எண்ணை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவில் பாதி.

முதலில் கொஞ்சம் வரலாறு. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழரும் தெலுங்கருமே அவர்களில் அதிகம். கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம் என்று பிரிந்து போனார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. சம்பளம், திருமணம், புகார், மரணம் என்று எந்தக் காகிதத்திலும் பெயரோடு அந்த எண் வரும்.

படி 1: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

டர்பன் தமிழ்ப் பெயர்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை பட்டப் பெயர், அதாவது சாதிப் பட்டம். கோவெண்டர் என்பது கவுண்டர். கவுண்டன் என்பது 'கவுண்டென்' என்று தனியாக இருக்கிறது. மூட்லி, மூட்லியார் இரண்டும் முதலியார். பில்லே என்பது பிள்ளை. நைக்கர் என்பது நாயக்கர். படயாச்சி என்றால் சொல்லவே வேண்டாம். ஆர்ச்சரி என்ற பெயரைப் பார்த்து வில்வித்தை என்று நினைத்துவிடாதீர்கள், அது நம் ஆசாரி. பாதர் என்பது நகை செய்யும் பத்தர். நைடூவும் ரெட்டியும் பெரும்பாலும் தெலுங்குக் குடும்பங்கள். ஆனாலும் பூர்வீகம் வட ஆர்க்காட்டுப் பக்கமாக இருக்கலாம்.

இரண்டாவது வகை ஆள் பெயர். முன்சாமி, பெருமாள், கூப்பூசாமி, ரங்கசாமி, வீரசாமி. இவை ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் அப்பா பெயர். நம் வழக்கப்படி முனுசாமி மகன் பெருமாள், பெருமாள் மகன் கோவிந்தன் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்ததை, குடும்பப் பெயர் கேட்கும் பதிவு அலுவலகம் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திவிட்டது. அது எந்தத் தலைமுறையில் நின்றது என்பது வீட்டுக்கு வீடு வேறு. கூடப்பிறந்தவர்களே வேறுவேறு குடும்பப் பெயரில் பதிவானதும் உண்டு. அதனால் 'முன்சாமி' என்ற பெயருள்ள இரண்டு குடும்பங்கள் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ரத்தத்தில் வந்தவர்கள் ஒருவர் முன்சாமியாகவும் இன்னொருவர் பெருமாளாகவும் இருக்கலாம்.

பட்டப் பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கடல் தாண்டிய பிறகு பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு, விட்டவர்களும் உண்டு. பெயரை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: வீட்டுக் காகிதத்தில் எண்ணைத் தேடுங்கள்

டர்பன் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டியவை: பாட்டன், பூட்டனின் இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, கூலிக்காலம் முடிந்து விடுதலையான சான்று, மூன்று பவுண்டு வரி கட்டிய ரசீது. (ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895 சட்டம் போட்ட வரி இது. 1914இல்தான் ஒழிந்தது.) இவற்றில் பெயருக்குப் பக்கத்தில் தனியாக ஓர் எண் இருந்தால், அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். சிறிய எண்ணாக இருந்தால் ஆரம்பத்தில் வந்தவர்; ஆறு இலக்கமானால் கடைசிக் கட்டத்தில் வந்தவர்.

வீட்டில் எதுவும் இல்லையா? ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் நட்டால் மரணப் பதிவுகளும் சொத்துக் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையிலும் பெயர் போட்டுத் தேடலாம். அதில் முழுக் காகிதம் வராது, கோப்பின் விவரம் மட்டும் வரும். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம். முனுசாமியை முன்சாமி, மூன்சாமி, முனிசாமி, மூனியசாமி என்று எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

வயதானவர்களிடம் பேசும்போது ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1866 முதல் 1874 வரை நட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. "தாத்தா 1870இல் கூலிக்கு வந்தார்" என்று சொன்னால், வருடத்தில் எங்கோ பிசகு. அதேபோல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகள், மொரீஷியஸ் வழியாக வந்தவர்கள் எல்லாம் ஒப்பந்தக் கூலிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். காந்தியோடு நின்று போராடிய தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இந்த வழி உதவாது.

படி 3: கப்பல் பட்டியலில் அந்த வரியைப் படியுங்கள்

டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஒரு வரியில் என்ன இருக்கும் என்று காட்ட, நானே கட்டிய ஓர் உதாரணம்:

காலனி எண் — பெயர்: சின்னம்மா — தந்தை பெயர்: வீராசாமி — வயது 22 — ஜில்லா: வட ஆர்க்காடு — தாலுகா: வாண்டிவாஷ் — கிராமம்: (ஏதோ ஒரு கிறுக்கல்) — சாதி — அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.

தந்தை பெயர்தான் இங்கே பொன். இது ஊரை விட்டுக் கிளம்பாத ஒருவரின் பெயர். குடும்ப மரத்தில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு தலைமுறை இந்த ஒரு சொல்லில் ஏறிவிடும். அடுத்து, எண்ணின் முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கட்டாயம் பாருங்கள். கணவன், மனைவி, குழந்தை, ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பார்கள். உங்கள் வரியில் ஊர்ப் பெயர் புரியாவிட்டால், பக்கத்து வரியில் அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருக்கலாம்.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பக் காலப் பட்டியல்களில் 'மலபார்' என்று இருந்தால் கேரளா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்நாள் ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் குறித்தார்கள். தெலுங்கரை 'ஜெண்டூ' என்றார்கள். இன்று பிள்ளை என்று பெயர் வைத்திருக்கும் குடும்பத்தின் முன்னோருக்கு அந்தக் கட்டத்தில் வேறொன்று எழுதியிருக்கலாம். அதை மறைத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. இருப்பதை இருப்பதாக அனுப்புங்கள். அதைவைத்து யாரையும் எடைபோடும் புத்தி இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

படி 4: ஊர்ப் பெயரை அவிழ்ப்பது

இதுதான் அதிக நேரம் பிடிக்கும். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

ஜில்லாவிலிருந்து தொடங்குங்கள். அன்றைய வட ஆர்க்காடு பெரும்பாலும் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது ஒரு பகுதி அங்கே போய்விட்டது. தென் ஆர்க்காடு என்பது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி; 1911 வரை திருவண்ணாமலைத் தாலுகாவும் இதில்தான். செங்கல்பட்டு ஜில்லாவில் இன்றைய காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அடக்கம்.

அடுத்து தாலுகா. வாண்டிவாஷ் வந்தவாசி, கஞ்சீவரம் காஞ்சிபுரம், ட்ரினோமலி திருவண்ணாமலை. இவை பழகிவிடும்.

கிராமம்தான் சோதனை. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அதை இன்னொருவர் படியெடுத்திருக்கிறார். கண்ணால் படித்தால் ஒன்றும் புரியாது, வாய்விட்டுப் படியுங்கள். இரட்டை 'ஓ' வந்தால் 'உ' அல்லது 'ஊ'. 'யூ' எழுத்து வந்தால் பல சமயம் 'அ'. முடிவில் பாக்கம், பட்டு, நல்லூர், ஏரி, மங்கலம் ஏதாவது ஒட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணையதளத்தைத் திறங்கள். பட்டா எடுப்பதற்காக இல்லை. மாவட்டம், தாலுகா தேர்ந்தெடுத்ததும் கீழே இறங்கும் வருவாய்க் கிராமப் பட்டியலுக்காக. இலவசமாகக் கிடைக்கும் இதைவிட நல்ல கிராமப் பட்டியலை நான் பார்த்ததில்லை. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால் இரண்டு மூன்று ஊர்கள் தேறும். பழைய தாலுகாக்கள் இப்போது உடைந்து போயிருப்பதால் பக்கத்துத் தாலுகாவையும் பாருங்கள். குக்கிராமங்கள் இந்தப் பட்டியலில் வராது, அதற்கு உள்ளூரில்தான் கேட்கவேண்டும்.

படி 5: குலதெய்வத்தைக் கேளுங்கள்

இரண்டு மூன்று ஊர்களில் எது என்று முடிவுசெய்யக் குலதெய்வம் உதவும். மொழி போன குடும்பத்திலும் சாமி பெயர் நிலைத்திருப்பது உண்டு. நட்டாலில் இன்றும் திரௌபதி அம்மனுக்கும் மாரியம்மனுக்கும் தீமிதி நடக்கிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் பழைய மையம் செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி. ஆட்கள் கிளம்பிய ஆர்க்காட்டுப் பகுதியும் அதுதான். ஆனால் ஊர்க் கோயில் வேறு, குலதெய்வம் வேறு. "உங்கள் வீட்டில் முதல் மொட்டை எந்தச் சாமிக்குப் போடுவீர்கள்?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

ஊருக்குப் போனால் நேராகப் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் போங்கள். தந்தை பெயரைச் சொல்லுங்கள், கிளம்பிய வருடத்தைச் சொல்லுங்கள். நிலம் கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் முதலில் எழத்தான் செய்யும். அது தீரும்வரை பொறுமை வேண்டும்.

படி 6: இப்போது டிஎன்ஏ

காகிதம் காட்டிய உறவை உறுதி செய்யத்தான் இது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இங்கிலாந்தில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட 48 ஆண்களை 2000ஆம் ஆண்டு சோதித்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஒரே ஒய் வரிசை இருந்தது. அங்கே பெயரும் குரோமோசோமும் பல நூறு வருடமாகச் சேர்ந்தே போகின்றன. டர்பனில் பெயர் நின்றே சில தலைமுறைகள்தான் ஆகின்றன. அதனால் 'முன்சாமி' என்று பெயருள்ளவர்களையெல்லாம் சேர்த்துச் சோதிப்பதில் பயனில்லை. டர்பன் ஆண் ஒருவரையும் ஊரில் பங்காளி என்று கருதும் ஆண் ஒருவரையும் ஒப்பிடுவதுதான் உருப்படியான சோதனை. பெண்கள் தேடினால் அண்ணன் தம்பியோ அப்பா வழிப் பெரியப்பா, சித்தப்பா மகனோ மாதிரி தரவேண்டும்.

எச், எல், ஆர்2, ஆர்1ஏ, ஜே2 என்று ஒய் பிரிவுகள் வரும். இவை தென்னிந்தியாவில் பல சமூகங்களிலும் கலந்து கிடப்பவை. ஓர் எழுத்தைப் பார்த்துச் சாதியோ ஊரோ சொல்லும் கதைகளை நம்பவேண்டாம். இந்திய மக்களிடையே பெரிய கலப்பு சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்தது என்று 2013 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பட்டப் பெயர்களுக்கெல்லாம் முந்தைய சங்கதி அது.

ஆண், பெண் இருவரும் எடுக்கும் வழக்கமான எச்சில் மாதிரிச் சோதனையில் 'உங்கள் மூன்றாம் வரிசை உறவு' (ஆங்கிலத்தில் தேர்ட் கசின்) என்று வரும் பட்டியலில்தான் தமிழர்கள் ஏமாறுவது. அளவு சென்டிமோர்கனில் இருக்கும்; இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளை அளக்கும் அலகு அது. பொதுக் கணக்கில் மூன்றாம் வரிசை உறவுக்குச் சராசரி 70 சொச்சம். அந்தக் கணக்கு உறவுக்குள் கல்யாணம் செய்யாதவர்களுக்கானது. அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் என்று தலைமுறையாகக் கொடுத்து வாங்கிய நமக்கு, தூரத்து உறவுகூட நெருங்கியதாகக் காட்டும். மொத்தத்தைப் பார்க்காமல் நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 20க்கு மேல் ஒரே துண்டு இருந்தால் பேசிப் பார்க்கலாம். சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்ந்த 70ஐ விட்டுவிடலாம்.

மாதிரி கொடுக்கும் முன் அந்த நிறுவனத்தில் தரவை அழிக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. ஊர்ப் பெரியவரிடம் மாதிரி வாங்குவதாக இருந்தால் இதையும் அவருக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் வாங்குங்கள்.