முதல் கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பார்ட்டை முதலில் எடுப்பது, எதில் கை வைக்கக் கூடாது

தென்காசி, செங்கோட்டை, புளியரை பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐம்பது அறுபதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன், கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண எந்த பிராசசர் வாங்கலாம்?" பிராசசரில் தொடங்கினால் பட்ஜெட்டில் பாதி அங்கேயே கரைந்துவிடும், கடைசியில் கிராபிக்ஸ் கார்டுக்கும், எல்லாப் பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மிச்சம் மீதியைத்தான் போட வேண்டி வரும். கேமிங் கம்ப்யூட்டரை அசத்துவதும் சொதப்புவதும் அந்த இரண்டும்தான். அதனால் பார்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்துகொள்வோம்.

முதல் படி, விளையாட்டும் மானிட்டரும். என்ன விளையாடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி என்றால் சாதாரண கார்டே போதும். சைபர்பங்க் 2077 மாதிரி என்றால் கார்டுக்குத்தான் பெரும் செலவு. அடுத்து மானிட்டர். முதல் கம்ப்யூட்டருக்கு 24 அங்குலம், 1920 x 1080 புள்ளிகள் (இதைத்தான் 1080பி என்பார்கள்), பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல் போதும். அதற்கு அடுத்த அளவான 1440பி மானிட்டரில் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு, அத்தனையையும் வரைந்து தள்ள வேண்டியது உங்கள் கார்டு. ஏற்கெனவே வீட்டில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டுகிற) மானிட்டர் இருந்தால் இப்போதைக்கு அதையே வைத்துக்கொண்டு அந்தப் பணத்தைக் கார்டில் போடுங்கள். கார்டு நொடிக்கு 120 ஃபிரேம் தந்தாலும் அந்த மானிட்டர் 60தான் காட்டும், ஆனால் மானிட்டரை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரை விட்டுவிட்டு, பெட்டிக்கு மட்டும் ஆகிற செலவில் 35 முதல் 40 சதவீதம் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். 1080பி-க்கு 8 ஜிபி மெமரி உள்ள ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 நல்ல தொடக்கம், 132 வாட்தான் இழுக்கும். கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060 பக்கம் போகலாம். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரிலேயே 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று என இரண்டு கார்டு விற்கிறது. குறைவது மெமரி மட்டுமில்லை, 6 ஜிபி கார்டின் உள்ளே இருக்கிற சிப்பும் வெட்டிக் குறைத்ததுதான். தனி பவர் கேபிள் இல்லாமலே ஓடும் என்பது அதன் வசதி, ஆனால் ஆர்எக்ஸ் 6600 அதைவிடத் தெளிவாக வேகமானது. "4 ஜிபி கார்டு, எல்லா கேமும் ஓடும்" என்று ஜிடி 730-ஐ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 2014-இல் வந்த கார்டு. 4 ஜிபி என்ற எண்ணைக் காட்டி இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், முதல்முறை வாங்குகிற பிள்ளைதான் அதில் சிக்குகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கார்டுக்கு இப்போது பணம் போதவில்லையா? மட்டமான கார்டு வாங்குவதைவிட, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி மாதிரி ஒரு பிராசசரை வாங்கி, வேலரன்ட் விளையாடிக்கொண்டே பணம் சேர்த்து, நல்ல கார்டை அப்புறம் செருகிக்கொள்ளலாம்.

மூன்றாவது, பிராசசர். 6 கோர் (உள்ளே வேலை செய்கிற மூளைகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய வேலைகள்) இருந்தால் போதும். ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப் இரண்டுமே 2022-இல் வந்தவை, இந்த பட்ஜெட்டுக்கு இன்னமும் சரியாக வரும். எஃப் என்று முடிகிற இன்டெலில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ரைசன் 5 5600-க்கும் அதே கதைதான்.

"ஐ7 கேமிங் பிசி, இருபதாயிரம்" என்று வருகிற விளம்பரத்தைப் பார்த்தால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, இது எத்தனையாவது ஜெனரேஷன்?" ஐ7-3770 என்றால் அது 2012-ஆம் வருடத்துச் சரக்கு, நாலு கோர்தான். அதே நாலு கோர் உள்ள ஐ3-12100எஃப் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். விண்டோஸ் 11-ஐ அந்தப் பழைய பிராசசரில் மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. வேலரன்டும் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் திறக்காது.

நான்காவது, மதர்போர்டும் ரேமும். பிராசசருக்குத் தேவையான சாக்கெட்டும் (அது உட்காருகிற இடம்) போர்டில் இருக்கிற சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: ரைசன் 5600-க்கு ஏஎம்4, ஐ5-12400எஃப்-க்கு எல்ஜிஏ 1700. பி450 போர்டு (ஏஎம்4-இல் பழைய ரகம்) வாங்கினால் ரைசன் 5000 வரிசைக்கு பயாஸ் (போர்டுக்குள் இருக்கிற தொடக்க மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பழைய பிராசசர் ஒன்று கையில் இல்லாமல் அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி. ரேம் 16 ஜிபி, ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு குச்சி இருந்தால்தான் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடும். உள் கிராபிக்ஸை நம்பி விளையாடுபவர்களுக்கு வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, டிடிஆர்5 (புதிய வகை ரேம்) கட்டாயமாகிற ஏஎம்5 (ஏஎம்4-க்கு அடுத்த சாக்கெட்) பக்கம் போகலாமா என்பதை அந்த வாரத்து ரேம் விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விண்டோஸையும் கேமையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே செருகுகிற வேகமான வகை) குறைந்தபட்சம், முடிந்தால் 1 டிபி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஐந்தாவது, எஸ்எம்பிஎஸ். நம் ஊருக்கு இதுதான் முக்கியமான படி. ஜூனில் சாரல் தொடங்கியதும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் மரக்கிளை லைனில் உரசுவதும், கரண்ட் போய்ப் போய் வருவதும், மாலையில் லோ வோல்டேஜில் விளக்கு மங்குவதும் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அடியை முதலில் வாங்குவது எஸ்எம்பிஎஸ்தான். அது மட்டமானதாக இருந்தால் போகும்போது கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கடையில் பெட்டியின் மேல் எழுதியிருக்கிற பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள். +12வி என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்குக் கீழே ஆம்பியர். அதை 12-ஆல் பெருக்குங்கள். "450 வாட்" என்று போட்டு +12வி-யில் 18 ஆம்பியர் மட்டும் இருந்தால் 18 x 12 = 216 வாட். பிராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான், ஆக உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது அந்த 216. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும், 540 வாட் வரும். அதே லேபிளில் இன்புட் 100-240வி என்றிருந்தால் லோ வோல்டேஜை நன்றாகத் தாங்கும். 200-240வி என்று மட்டும் இருந்தால் நம் மாலை நேரத்துக்கு அது தோதுப்படாது. 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச்சான்று) முத்திரை, 550 வாட், 100-240வி, இந்த மூன்றும் இருக்கிறதை எடுங்கள். காசு குறைந்தால் கேபினெட்டில் குறையுங்கள், ஆர்ஜிபி விளக்கில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

யுபிஎஸ் வாங்குவதென்றால், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ (யுபிஎஸ்ஸின் அளவைச் சொல்கிற எண்) பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600, மானிட்டர் எல்லாம் சேர்ந்து விளையாடும்போது 250-லிருந்து 300 வாட் வரை போகும். அதனால் 1000 விஏ வாங்குங்கள். அப்புறம் எர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று லேசாக இழுக்கிறதென்றால் அந்த பிளக் பாயின்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஆறாவது, கேபினெட். முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்க வேண்டும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் 120 மிமீ ஃபேன். சாரல் அடிக்கிற ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? திருநெல்வேலியா, மலை தாண்டி கொல்லம், திருவனந்தபுரமா என்று இந்தப் பக்கத்தில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் 18 சதவீதம்தான், வரியில் லாபம் எதுவும் இல்லை. இங்கே ஆடித் தள்ளுபடி, அங்கே ஓணம் ஆஃபர், இரண்டுக்கும் விலை விசாரித்து வையுங்கள். வாங்குவது என்னவோ, ஒரு பார்ட் போய்விட்டால் நீங்கள் பஸ் ஏறிப் போய்க் கேட்கக்கூடிய கடையாக இருக்கட்டும். வாரன்டிக்கு எந்த ஊர் சர்வீஸ் சென்டர் என்று ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கடைசிப் படி, மாட்டியபின் பார்க்க வேண்டியவை. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் ரேமை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டு, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கிற செட்டிங்) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் அதற்குக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்த எண்ணை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவாக விட்டால் பெரும்பாலும் 60-இலேயே நிற்கும். ஒரு மணி நேரம் கனமான கேம் ஓடவிட்டு சூட்டைக் கவனியுங்கள், ஏதாவது தடுமாறினால் அந்த வாரமே கடைக்கு எடுத்துப் போங்கள்.

பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும், வாரன்டியோ பெரும்பாலான பார்ட்டுக்கு மூன்று வருடம், அதனால் வாங்கிய அன்றைக்கே ஃபோட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கு ஒரு காப்பி அனுப்பி வையுங்கள்.