டவுன்லோட் பண்ண ஃபைலை விண்டோஸ் திறக்க விடலையா? இப்படி பண்ணுங்க

நெட்ல இருந்து ஒரு சாஃப்ட்வேரை இறக்கி டபுள் கிளிக் பண்ணா "விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி"ன்னு நீலக் கலர்ல ஒரு பெட்டி வந்து நிக்கும். உடனே பயந்துபோய் ஃபைலை அழிச்சிடுறவங்க இருக்காங்க, கோவத்துல ஆன்டிவைரஸையே மொத்தமா ஆஃப் பண்றவங்களும் இருக்காங்க, ரெண்டாவதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஒரு ஃபைலுக்காக முழு கம்ப்யூட்டரையும் திறந்து போடவே வேண்டாம்.

ப்ரௌசர் ஃபைலை சேவ் பண்றப்பவே இது இன்டர்நெட்ல இருந்து வந்ததுன்னு ஒரு அடையாளத்தை அதோட சேர்த்து வச்சிடும். அதைப் பார்த்துதான் விண்டோஸ்லயே இருக்கிற ஸ்மார்ட்ஸ்கிரீன்ங்கிற பாதுகாப்பு வசதி நிறுத்துது. அதிகம் பேர் இறக்காத புது சாஃப்ட்வேர்னா, நல்லதா இருந்தாலும் நிறுத்தும்.

முதல்ல, அதை உருவாக்கினவங்களோட சொந்த சைட்ல இருந்துதான் இறக்கினீங்களான்னு பாருங்க. அங்க எஸ்ஹெச்ஏ-256னு எழுத்தும் எண்ணும் கலந்து நீளமா ஒரு கோட் (code) குடுத்திருந்தா, ஜிப் ஃபைலை பிரிக்கிற 7-ஜிப் சாஃப்ட்வேர் இருக்கிறவங்க ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி சிஆர்சி எஸ்ஹெச்ஏ மெனுவுல இந்த ஃபைலோட கோட் எடுத்து அதோட ஒப்பிட்டுக்கலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த ஃபைல் வேண்டாம்.

சரியா இருந்தா, ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேப். கீழ செக்யூரிட்டின்னு ஒரு வரி, பக்கத்துல அன்பிளாக்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போட்டு ஓகே குடுங்க. நீலப் பெட்டி ஏற்கனவே வந்துட்டா மோர் இன்ஃபோ, அப்புறம் ரன் எனிவே. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்த பட்டனே காணோம்னா ஐடி டீம் பூட்டியிருப்பாங்க, அவங்ககிட்டயே கேளுங்க.

ஜிப் ஃபைல்னா பிரிக்கிறதுக்கு முன்னாடியே அன்பிளாக் பண்ணணும், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. விண்டோஸ்லயே பிரிச்சா அந்த அடையாளம் உள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒட்டிக்கும், அப்புறம் சிஹெச்எம் ஹெல்ப் ஃபைலை திறந்தா இடது பக்கம் தலைப்பெல்லாம் வரிசையா தெரியும், வலது பக்கம் வெறும் வெள்ளையா கிடக்கும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு தேவையில்லாம திரும்ப இறக்கிட்டு இருப்பீங்க.

மேக்ல முன்னாடி கன்ட்ரோல் கிளிக் பண்ணி ஓபன் குடுத்தா போதும், 2024ல வந்த செக்கோயாங்கிற மேக்ஓஎஸ் வெர்ஷன்ல அந்த வழியை எடுத்துட்டாங்க. இப்போ ஒரு தடவை திறக்கப் பாருங்க, வர்ற பெட்டியில ட்ராஷை தொடாம டன் மட்டும் அழுத்திட்டு, சிஸ்டம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்கு போய் கீழ வரைக்கும் இறங்கினா ஓபன் எனிவே இருக்கும். அது ஒரு மணி நேரம் போலதான் நிக்கும், மறைஞ்சிடுச்சுன்னா ஆப்பை மறுபடி திறக்கப் பாருங்க, திரும்ப வந்துடும்.