வறண்ட வயலில் பழங்காசு தேடும் முறை

நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்; உங்கள் நாட்டுத் தொல்லியல் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் மெட்டல் டிடெக்டரை (உலோகம் இருந்தால் சத்தமிடும் கருவி) எடுக்கவே கூடாது.

மண் காய்ந்தால் ஆழத்தில் கிடக்கும் காசுக்கு டிடெக்டர் எழுப்பும் சத்தம் மெலிந்துவிடும். அதனால் கோடையில் காயிலின், அதாவது டிடெக்டர் கம்பின் அடியில் இருக்கும் வட்டின், உயரம்தான் முக்கியம். தரையிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் தூக்க வேண்டாம்: நீங்கள் தூக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஆழத்தில் கழிகிறது. அறுத்த தாள் உயரமாக நிற்கும் வயலும், உழுது பெரிய கட்டிகளாகக் கிடக்கும் வயலும் இந்தக் கணக்கில் வீண். கட்டி உடைத்துச் சமன் செய்த வயல் கிடைத்தால் அங்கே போங்கள். புல்வெளியை மழைக்காலத்துக்கு விட்டுவிடலாம். கோடையில் வெட்டி எடுத்துத் திரும்ப வைத்த புல்கட்டி கருகிவிடும்.

இரும்பில்லாத இடமாகப் பார்த்து, காயிலை 30 செ.மீ. உயரத்திலிருந்து தரையை ஒட்டும்வரை ஏற்றி இறக்கி, சத்தம் மாறாதபடி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணிலுள்ள தாதுக்களுக்குக் கத்தாதபடி சரிசெய்வது) செய்யுங்கள். மண்ணின் நிறம் மாறினால் மறுபடியும். சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறன்) இயந்திரம் இரையும்வரை கூட்டி, இரைச்சல் அடங்குமளவு குறையுங்கள். டிஸ்கிரிமினேஷனை (குப்பை உலோகங்களை ஒதுக்கும் அமைப்பு) அதிகம் வைத்தால் மெல்லிய வெள்ளிக்காசு அலுமினியத் தாளோடு சேர்ந்து காணாமல் போகும். காயிலை மெதுவாக, முந்தைய வீச்சில் பாதியை மறுபடி தொடும்படி வீசுங்கள்.

சிக்னல் வந்தால் 90 பாகை சுற்றி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சத்தம் என்றால் தோண்டலாம். ஒரு பக்கம் உடைந்து கரகரத்தால் பெரும்பாலும் ஆணிதான். (பெரும்பாலும் என்பதைக் கவனியுங்கள்; ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் அப்படித்தான் கத்தும்.)

காசு கெடுவது தோண்டும்போதுதான். இறுகிய மண்ணில் பொறுமையிழந்து நடுவில் குத்தினால் மண்வெட்டி காசிலேயே இறங்கும். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் வெட்டி, கட்டியை முழுசாக நெம்பி எடுத்து, பின்பாயின்டரால் (கையில் பிடித்து இடத்தைத் துல்லியமாகக் காணும் சிறு டிடெக்டர்) தடவிய பிறகு கையால் உடையுங்கள். சத்தம் திடீரென நின்றால் காசு நெட்டுக்குத்தாகத் திரும்பியிருக்கலாம். அள்ளிய மண்ணையும் சோதியுங்கள். தேய்த்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் ஒட்டிய மணல் காசைக் கீறிவிடும். பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, வீட்டில் வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவிடுங்கள். குழியை உடனே மூடுங்கள்.

ஒரே குழியில் காசுகள் வந்துகொண்டே இருந்தால் மட்டும் மூடாதீர்கள், மேற்கொண்டு தோண்டவும் செய்யாதீர்கள். அது புதையலாக இருக்கலாம். கிடந்த நிலையிலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.