பழைய சர்வர் ஹார்டு டிஸ்க் லினக்ஸ்ல 0 பைட்னு காட்டுதா? தூக்கிப் போட்றாதீங்க

டேட்டா சென்டர்ல கழிச்சு விட்ட எஸ்ஏஎஸ் டிரைவ் (சர்வர்ல போடற வகை ஹார்டு டிஸ்க்) நாலு வாங்கி ஆசையா மாட்டி ஆன் பண்ணா, டிரைவ் சுத்துது, சத்தமும் சரியாத்தான் இருக்கு, ஆனா சைஸ் மட்டும் 0 பைட்னு வருது. செத்துப்போன டிரைவை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு நெறைய பேர் இந்த இடத்துலதான் விட்டுடறாங்க. நானும் முதல் தடவை ஒரு ராத்திரி முழுக்க கேபிளை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். பிரச்சனை கேபிள்ல இல்ல, செக்டார் சைஸ்ல, அதாவது டிரைவ் டேட்டாவைப் பிரிச்சு வைக்கற ஒவ்வொரு துண்டோட அளவுல.

நம்ம கம்ப்யூட்டர் எதிர்பாக்கறது 512 இல்லன்னா 4096 பைட் செக்டார். நெட்ஆப் மாதிரி பெரிய ஸ்டோரேஜ் பெட்டில ஓடுன டிரைவ்ல 520 பைட் இருக்கும், சிலதுல 528. கூட இருக்கற அந்த 8 இல்ல 16 பைட்ல டேட்டா கெட்டுப்போச்சான்னு பாக்கறதுக்கு செக்சம்னு ஒரு சரிபார்க்கற எண் வெச்சிருப்பாங்க. லினக்ஸுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதான் 0 காட்டுது. டிமெசேஜ் லாக்ல (லினக்ஸ் கெர்னல் எழுதற பதிவு) பாத்தீங்கன்னா 520 சைஸ் சப்போர்ட் இல்லன்னு அதுவே சொல்லியிருக்கும்.

முதல்ல கார்டு

எஸ்ஏஎஸ் டிரைவ் மதர்போர்டு சாட்டா போர்ட்ல வேலை செய்யாது, யுஎஸ்பி டாக்லயும் செய்யாது. ஹெச்பிஏ கார்டு (எஸ்ஏஎஸ் டிரைவைக் கம்ப்யூட்டரோட இணைக்கற கார்டு) ஒண்ணு வேணும், எல்எஸ்ஐ 9211-8ஐ மாதிரி பழசே போதும், ஆனா ஐடி மோடுல, அதாவது டிரைவை அப்படியே நேரா காட்டற மோடுல இருக்கணும். ரெய்டு மோடுல இருந்தா கார்டு நடுவுல நின்னுக்கும், டிரைவ்கிட்ட நேரா பேச முடியாது.

எது எந்த டிரைவ்னு உறுதி பண்ணுங்க

எஸ்ஜி3 யுடில்ஸ், எல்எஸ்ஸ்கஸி, ஸ்மார்ட்மான்டூல்ஸ்னு மூணு லினக்ஸ் டூலையும் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. எல்எஸ்ஸ்கஸிய ஜி ஆப்ஷனோட ஓட்டுனா ஒவ்வொரு டிரைவுக்கும் எஸ்ஜி நம்பர் (கமாண்டுல அந்த டிரைவைக் குறிக்கற பேர்) வரும். ஸ்மார்ட்மான்டூல்ஸ்ல இருக்கற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டுல சீரியல் நம்பர் எடுத்து டிரைவ் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரோட ஒத்துப்பாருங்க, ஏன்னா ஒரு நம்பர் மாறிப்போனா உங்க குடும்ப போட்டோ இருக்கற டிரைவ் அழிஞ்சுடும், திரும்ப வரவே வராது. நான் இந்த வேலை பண்ணும்போது மத்த டிரைவ் எல்லாத்தையும் கழட்டி வெச்சிடுவேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

அப்படியே அதுலயே க்ரோன் டிஃபெக்ட் லிஸ்டையும் (ஓட ஓட கெட்டுப்போன செக்டாரோட கணக்கு) பாருங்க. 0 இருந்தா ரொம்ப நல்லது. நூத்துக்கணக்குல இருந்தா ஃபார்மேட் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க, திருப்பிக் குடுத்துடுங்க. எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கறதை விட எனக்கு இதுதான் முக்கியம்.

ஃபார்மேட்

எஸ்ஜி ரீட்கேப் கமாண்டை லாங் ஆப்ஷனோட ஓட்டி லாஜிக்கல் பிளாக் லெங்த் (செக்டார் சைஸ்தான்) எவ்ளோன்னு பாருங்க. 520ஓ 528ஓ இருந்தா 512க்கு மாத்தணும். 4160 வந்தா 4096. ஏற்கனவே 512 இல்ல 4096 இருந்து, கூடுதலா செக்சம் வைக்கற ப்ரொடெக்‌ஷனும் ஆஃப்ல இருந்தா அதை அப்படியே விட்டுடுங்க.

இப்ப எஸ்ஜி ஃபார்மேட் கமாண்டு (ரெண்டு வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர்). அதுக்கு ஃபார்மேட் ஆப்ஷன், சைஸ் 512, எஃப்எம்டிபின்ஃபோ 0, கடைசியா உங்க எஸ்ஜி நம்பர். ப்ரொடெக்‌ஷன் இன்ஃபர்மேஷனை ஆஃப் பண்றது அந்த எஃப்எம்டிபின்ஃபோ 0தான், அதை விட்டுட்டா சில டிரைவ் 512 ஆன பிறகும் தகராறு பண்ணும். என்டர் தட்டுனதும் 15 செகண்ட் டைம் குடுக்கும், சந்தேகம் இருந்தா அப்பவே கன்ட்ரோல் சி அடிச்சுடுங்க.

அதுக்கப்புறம் காத்திருக்கறதுதான். பெரிய டிரைவ்னா பல மணி நேரம் ஆகும். வேலை டிரைவுக்குள்ளயே நடக்கறதால நாலு டிரைவையும் ஒரே நேரத்துல போட்டு விடலாம், ஆனா சூடு ஏறும், ஃபேன் காத்து நேரா படற மாதிரி வைங்க. நடுவுல கரண்ட் மட்டும் போகக்கூடாது, யுபிஎஸ் இருந்தா அதுல மாட்டிடுங்க. அப்படியே போயிட்டாலும் பயப்படாதீங்க, மீடியம் ஃபார்மேட் கரப்டட்னு எரர் வரும், டிரைவ் செத்துடலை, அதே கமாண்டை முதல்லேர்ந்து திரும்ப ஓட்டணும், பெரும்பாலும் சரியாயிடும்.

உடனே டேட்டா போடாதீங்க

முடிஞ்சதும் ரீபூட் பண்ணா சரியான சைஸ் தெரியும். அந்த சந்தோஷத்துல நேரா டேட்டாவை ஏத்திடாதீங்க. கெட்ட இடம் இருக்கான்னு தேடற பேட்பிளாக்ஸ் கமாண்டை ரைட் டெஸ்ட் மோடுல, பிளாக் சைஸ் 4096 வெச்சு ஓட்டுங்க. நாலு பேட்டர்ன் எழுதி எழுதிப் படிச்சுப் பாக்கும், 4 டிபி டிரைவுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும், ஆனா இதுல தப்பிச்ச டிரைவை நம்பி டேட்டா வைக்கலாம். முடிஞ்சதும் டிஃபெக்ட் லிஸ்டை மறுபடி பாருங்க, முன்ன இருந்ததை விட ஏறியிருந்தா அந்த டிரைவ் வேண்டாம்.

ரைட் ஸ்பீடு ரொம்பக் கம்மியா இருந்தா ரைட் கேஷ் ஆஃப்ல இருக்கலாம், எஸ்டிபார்ம்னு ஒரு டூல்ல டபிள்யூசிஇயை (ரைட் கேஷுக்கான செட்டிங்) ஆன் பண்ணி சேவ் பண்ணுங்க. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல பல டிரைவைச் சேத்து பூல் போடறவங்க ஆஷிஃப்ட் 12 (4096 பைட் பிளாக்) குடுங்க, டிரைவை எஸ்டிஏ எஸ்டிபின்னு சொல்லாம பை ஐடி பேர்ல (டிரைவோட மாறாத அடையாளப் பேர்) சேருங்க. சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தை ட்ரே முன்னாடி எழுதி ஒட்டிடுங்க, பின்னாடி ஒண்ணு கெட்டுப்போனா எதைக் கழட்டணும்னு பாத்த உடனே தெரியும்.