ராபினோவின் வண்டும் உங்கள் முதல் டம்ளரும்: களிமண்ணில் செதுக்குவது எப்படி?

அமெரிக்காவின் அடிலெய்ட் ஆல்சப் ராபினோ (1865–1929) முதலில் வெள்ளைப் பீங்கானில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர். அதற்கென்றே 1899-இல் 'கெராமிக் ஸ்டுடியோ' என்ற இதழையும் தொடங்கினார். யாரோ செய்த பாத்திரத்தில் பூப் போடுவது அலுத்ததோ என்னவோ, பிறகு மண் குழைப்பதிலிருந்து சூளை வரை தானே இறங்கிவிட்டார். 1910-இல் மிசூரியின் யுனிவர்சிட்டி சிட்டியில் அவர் செதுக்கிய 'ஸ்காரப்' ஜாடி முழுக்க உருண்டை தள்ளும் வண்டுகள்தான். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்தாராம். நமக்கு ஒரு டம்ளரும் ஒரே ஒரு வண்டும் போதும்.

1. மண். ராபினோ கையாண்டது பீங்கான் மண். புதியவர்கள் சொன்ன பேச்சை அது கேட்காது. சுட்டால் கல் போல இறுகும் சாதாரண ஸ்டோன்வேர் களிமண் வாங்குங்கள். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழித்து டம்ளராக்குங்கள். சுவர் 8 மி.மீ. கனமாவது இருக்கட்டும்; செதுக்க இடம் வேண்டுமே.

2. பதம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி ஓர் இரவு வையுங்கள். நகத்தால் கீறினால் கோடு சுத்தமாக விழ வேண்டும். அழுத்தினால் சுவர் வளையக் கூடாது. கத்தியில் மண் ஒட்டினால் இன்னும் ஈரம். பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. ராபினோ நன்றாகக் காய்ந்த பிறகே செதுக்கினார். கொஞ்சம் கை தவறினாலும் மொத்தமும் போச்சு. அந்தத் துணிச்சல் இப்போது வேண்டாம்.

3. செதுக்கல். பென்சிலால் வண்டை வரையுங்கள். கோட்டின் வெளிப்பக்கத்தைக் கத்தியால் கீறி, சுற்றியுள்ள மண்ணை 2 மி.மீ. ஆழத்துக்குச் சீவி எடுங்கள். வண்டைத் தொட வேண்டாம், பின்னணி இறங்க இறங்க அது தானாக மேலே வரும். துகளை வாயால் ஊதாதீர்கள், களிமண் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேசையை ஈரத் துணியால் துடையுங்கள்.

4. உலர்த்தல். நிழலில், கவிழ்த்து வைத்து, ஒரு வாரம். அவசரப்பட்டால் விளிம்பு முதலில் சுருங்கி, அடி பின்தங்கி, விரிசல் விடும்.

5. சுடுதல். அருகிலுள்ள ஸ்டூடியோ சூளையில் முதல் சூடு, சுமார் 1000 டிகிரி செல்சியஸ். அடுத்து, மண்ணுக்கேற்ற, கொஞ்சம் நிறமுள்ள கிளேஸ் (சுட்டதும் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு) பூசி இரண்டாவது சூடு. பள்ளங்களில் கிளேஸ் தேங்கி நிறம் அடர்ந்து நிற்க, வண்டு பளிச்சென்று தெரியும்.

விரிசல் விட்டால்? ராபினோவின் ஜாடியும் சூளையிலிருந்து அடியில் விரிசலோடுதான் வந்தது. அரைத்த பீங்கான் தூளை அதில் அடைத்து, மறுபடி கிளேஸ் பூசிச் சுட்டார். வடு தெரியாமல் வந்தது. 1911-இல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் அவர் படைப்புகள் பெரும் பரிசு வென்றன. ஜாடி இப்போது அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்து எவர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் டம்ளரில் சுடுவதற்கு முன்பே விரிசல் தெரிந்தால் ஈர மண்ணைத் திணிக்காதீர்கள். அது காயும்போது சுருங்கி மறுபடி பிளக்கும். அதே மண்ணின் காய்ந்த தூளை வினிகரில் கெட்டியாகக் குழைத்து அழுத்துங்கள். மயிரிழை விரிசல் என்றால் பெரும்பாலும் பிழைக்கும். அடிவரை ஓடியிருந்தால் உடைத்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், சுடாத மண்தானே, திரும்பக் குழைத்துக்கொள்ளலாம்.