விஎம்எஸ் பூட்டுறதுக்கு முதல் பற்றரியைப் பாருங்க

"கருவி பழுதாப் போச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிடுற போட்டுகளில் போய்ப் பார்த்தால், கூடுதலாகக் கருவி நல்லாத்தான் இருக்கும். பழுது பற்றரியில் இருக்கும், வயரில் இருக்கும், ரெண்டு வயர் சேருற மூட்டில் இருக்கும். நான் ஓட்டமாவடி ஆள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் போட்டுகளுக்கு வயரிங், ரேடியோ வேலை செய்றேன். புதுசாக விஎம்எஸ், அதாவது போட் நிற்கிற இடத்தைக் கரைக்குச் சொல்ற கருவி, பூட்டப் போற முதலாளிமாருக்கும், பூட்டினது அடிக்கடி செத்துப் போகுதென்று திரியிறவங்களுக்கும் வாயால் சொல்றதை இதில் எழுதுறேன்.

விஎம்எஸ் கருவி செய்றது ரெண்டே வேலை. போட் எங்கே நிற்குதென்று ஜிபிஎஸ் செய்மதிகளிடமிருந்து கணக்கெடுக்கும். அந்தக் கணக்கை வேறொரு தொலைத்தொடர்புச் செய்மதி வழியாகக் கொழும்பில் இருக்கிற கடற்றொழில் திணைக்களத்தின் கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்பும். குறித்த நேரத்துக்கு நேரம் இது நடந்துகொண்டே இருக்கவேணும். ஒரு நாள் சிக்னல் வராவிட்டால் அங்கே திரையில் உங்கள் போட் காணாமல் போன போட்தான்.

இது ஏன் இவ்வளவு கட்டாயமாச்சு என்று கேட்கிறவங்களுக்குச் சுருக்கமாகச் சொல்றேன். 2015 ஜனவரியில் இருந்து 2016 ஜூன் வரைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்கவில்லை. எங்கட போட்டுகள் சர்வதேசக் கடலில் எங்கே நின்று என்ன பிடிக்குதென்று அரசாங்கத்தால் காட்ட முடியாமல் இருந்தது அதுக்கொரு பெரிய காரணம். கெலவல்லா என்ற சூரை மீனின் விலை விழுந்த அந்தக் காலம் வயதான முதலாளிமாருக்கு மறக்காது. அந்த நேரம்தான் சர்வதேசக் கடலுக்குப் போற போட்டுகளுக்கு விஎம்எஸ் சட்டமாச்சு. மறுகா 2021 கடைசியில் பலநாள் படகுகளுக்கென்று 4,200 கருவி தாறதாக அவுஸ்திரேலியா அறிவிச்சது. அவங்களுக்கு மீனை விட ஆள் ஏத்திக்கொண்டு வாற போட்டுகளில்தான் கண். எப்படியோ, கருவி வந்துட்டு. இனி அதைச் சாகவிடாமல் வச்சிருக்கிறது எங்கட பாடு.

முதல் வேலை கரண்ட். கருவியின் புத்தகத்தில் எத்தனை வோல்ட் என்று பாருங்க. இப்ப வாறதில் கூடுதலானவை 12 வோல்ட்டிலும் ஓடும், 24 வோல்ட்டிலும் ஓடும். 12 வோல்ட் மட்டும்தான் என்றால், 24 வோல்ட் போட்டில் ரெண்டு பற்றரிக்கு நடுவில் இருந்து வயர் இழுக்க வேணாம். சில பேர் இதைச் செலவில்லாத வழி என்று செய்றாங்க. ஒரு பற்றரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மற்றது கூடச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும், கொஞ்ச நாளில் ரெண்டும் போயிரும். 24ஐ 12ஆக்கிற கன்வேட்டர் ஒன்றைப் போடுங்க, அல்லது கருவிக்கென்று தனிப் பற்றரி வைங்க.

நான் எப்பவும் சொல்றது தனிப் பற்றரி. எஞ்சின் ஸ்டார்ட் பண்றப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றரியை ஒரு இழுப்பு இழுக்கும். அந்த நேரம் வோல்ட் சட்டென்று விழும், கருவி நின்று திரும்ப ஓடத் தொடங்கும். பழைய பற்றரி என்றால் நிற்கிறது நிற்கிறதுதான். இராத்திரி வலையைப் போட்டுட்டு எஞ்சினை நிப்பாட்டிக் கிடக்கிறப்போ லைட் எரியும், பாட்டு ஓடும், ஆறு பேரின் போன் சார்ஜ் ஏறும். விடியிறதுக்குள் பற்றரி படுத்துரும், கருவியும் அதோடு படுத்துரும். தனியாக ஒரு 12 வோல்ட் பற்றரி, அதுக்கு வீல்ஹவுஸ் கூரையில் 50 வாட்ஸ் சோலார் பனல், நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், இவ்வளவு இருந்தால் வாடை மாரியில் ரெண்டு மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் கருவி ஓடும். அது எடுக்கிற கரண்ட் அவ்வளவு கொஞ்சம். அந்தப் பற்றரியில் வேற எதுவும் கொழுவக் கூடாது. பெட்டியைப் பூட்டுங்க, சாவி ஸ்கிப்பர் கையில் இருக்கட்டும். சொல்லாட்டி மூன்றாம் நாள் அதில் ஃபேன் ஓடும்.

கருவியின் வயரை மெயின் சுவிட்சுக்குப் பிறகு கொழுவாதீங்க. கரைக்கு வந்ததும் எவனாவது ஒருத்தன் மெயினை நிப்பாட்டிட்டு வீட்டுக்குப் போவான். நேரே பற்றரியில் இருந்து எடுங்க. நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கவேணும், எத்தனை அம்பியர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பியூஸ் அடிக்கடி போகுதென்றால் பெரிய பியூஸ் போட வேணாம், எங்கேயோ வயர் உரசுது, அதைத் தேடுங்க.

வயருக்கு வருவோம். வீட்டு வயரிங்குக்கு விற்கிற ஒற்றைக் கம்பி வயரைப் போட்டில் போடவே கூடாது. எஞ்சின் நடுக்கத்தில் உள்ளுக்குள் முறிஞ்சிரும், வெளியே தெரியாது. பல இழை வயர், வெள்ளீயம் பூசின செம்பாக இருந்தால் நல்லம், 2.5 சதுர மில்லிமீட்டர். இவ்வளவு கொஞ்சக் கரண்டுக்கு ஏன் இவ்வளவு தடிப்பு என்று ஒரு முதலாளி கேட்டார். கரண்டுக்கு இல்லை காக்கா, உப்புக்கு. மெல்லிய இழை ஒரு வாடைக்குள் தின்னப்பட்டுரும்.

இப்ப மூட்டு. பழைய போட்டில் ரெண்டு வயரை முறுக்கி மேலே கறுப்பு டேப் சுத்தியிருப்பாங்க. அந்த டேப்பைப் பிரிச்சுப் பாருங்க. பசை உருகி விரலில் ஒட்டும், உள்ளே ஈரம், செம்பு பச்சை பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பச்சைத் தூள் கொட்டும், சில இழை அதோடயே வந்துரும். ஒன்றோ ரெண்டோ இழைதான் மிச்சம். கரையில் மீட்டர் வச்சுப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும், கருவி வேலை தொடங்கினதும் வோல்ட் விழும். அதனால்தான் கரையில் ஓடின கருவி கடலில் நிற்குது. சரியான முறை இது: வயர் நுனியைப் பளபளப்பு வரும்வரை வெட்டி எடுங்க, லக் (வயர் நுனியில் மாட்டுற உலோக முனை) போட்டுக் கிரிம்ப் கருவியால் நசுக்குங்க, குறட்டால் இல்லை. உள்ளே பசை உள்ள சூடாக்கிச் சுருக்கிற குழாயை மேலே ஏத்துங்க, ரெண்டு நுனியிலும் பசை பிதுங்கி வாறது கண்ணுக்குத் தெரியவேணும். கூடுமானால் கருவிக்கும் பியூசுக்கும் நடுவில் மூட்டே இல்லாமல் ஒரே வயராக இழுங்க. வயர் வீல்ஹவுசுக்குள் நுழையிற இடத்தில் நேரே விடாமல், கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைச்சு மேலே ஏத்துங்க. தண்ணி வயர் வழியே ஓடிவந்து அந்த வளைவில் சொட்டிப் போகும், உள்ளே ஏறாது.

கருவியின் தலை, அதாவது வெள்ளைக் குமிழ், வீல்ஹவுஸ் கூரையில் வானம் முழுசாகத் தெரியிற இடத்தில் நிற்கவேணும். கொடிக்கம்பத்துக்கு ஒட்டினால்போல வேணாம். எஸ்எஸ்பி ரேடியோ (தூரத்துக்குப் பேசுற ரேடியோ) அன்ரெனாவுக்கு ஒரு மீற்றராவது தள்ளி வைங்க, ரெண்டு வயரையும் ஒன்றாகக் கட்டி இழுக்காதீங்க. ரேடியோவில் பேசுற நேரம் பார்த்துக் கருவி நின்று ஓடினால் காரணம் இதுதான். குமிழுக்குப் பெயின்ட் அடிக்க வேணாம், போட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறப்போ மூடி வைங்க. கூரையில் ஈர வலை குவிக்கிறது, கருவாடு காயப்போடுறது, சாரம் காயப்போடுறது எல்லாம் அதுக்கு மேலே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்க. இன்னொன்று: போட்டில் வெல்டிங் வேலை நடக்கிறதென்றால் அதுக்கு முதல் கருவியின் வயரைக் கழட்டுங்க. அடுத்த போட் வேலைக்காரனிடம் மெஷினை இரவல் வாங்கி ஒரு நிமிசத்தில் ஒட்டுற வேலையில்தான் நல்ல கருவிகள் கருகுது.

பூட்டி முடிஞ்சதும் லைட் எரியுதென்று சந்தோசப்பட்டுப் போயிராதீங்க. லைட் எரிஞ்சால் கரண்ட் வருது, சில கருவியில் ஜிபிஎஸ் கிடைச்சிட்டு, அவ்வளவுதான் அர்த்தம். கொழும்பில் சிக்னல் கிடைச்சுதா என்றது வேற கதை. கடலுக்குப் போறதுக்கு ஒரு நாள் முன்னமே ஓடவிட்டு, மாவட்டக் கடற்றொழில் காரியாலயத்தில் அல்லது துறைமுகத்தில் இருக்கிற உத்தியோகத்தரிடம், எங்கட போட் திரையில் தெரியுதா, கடைசிச் சிக்னல் எத்தனை மணிக்கு என்று கேளுங்க. ஐஸ் ஏத்தி, டீசல் அடிச்சு, ஆக்கள் ஏறின பிறகு கேட்டால், தெரியவில்லை என்ற பதில் வந்ததும் ஐஸ் கரையத் தொடங்கும். முதலாளியின் இரத்தக் கொதிப்பும் ஏறும்.

அதோடு, எஞ்சினை மூன்று நாலு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, கருவி நிற்குதா என்று. மீட்டரைப் பற்றரியில் வைக்காமல் கருவிக்குப் போற நுனியில் வையுங்க. எஞ்சின் நின்று கொஞ்ச நேரம் கழிச்சு 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பற்றரி நிறைஞ்சிருக்கு. 12க்குக் கீழே என்றால் அந்தப் பற்றரியை நம்பிக் கடலுக்குப் போகாதீங்க. எஞ்சினில் சார்ஜ் ஏறுற பற்றரி என்றால், எஞ்சின் ஓடுறப்போ 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டவேணும்.

காகிதத்தில் எனக்குத் தெரிஞ்ச பெரிய சிக்கல் கைமாறின போட். கருவி இலக்கம் பழைய முதலாளியின் பேரில் கிடக்கும், போட்டின் ஐஎம்யூஎல் பதிவிலக்கம் புது முதலாளியின் கையில். போட் வாங்குற அன்றைக்கே கருவியின் தொடரிலக்கத்தைப் படம் எடுத்து, பேர் மாத்துற விண்ணப்பத்தோடு கொடுங்க. லைசன்ஸ், லொக் புத்தகம், ஸ்கிப்பரின் சான்றிதழ், ஆக்களின் அடையாள அட்டை எல்லாம் நனையாத ஒரு பையில் கிடக்கட்டும். வலையையும் அளந்து வையுங்க. 2.5 கிலோமீற்றருக்கு மேல் மிதவை வலை 2022 ஜனவரி 1இல் இருந்து இந்துசமுத்திரச் சூரை ஆணைக்குழுவின் எல்லை முழுக்கத் தடை, எங்கட சொந்தக் கடலும் அதுக்குள்தான்.

ஆக்கள் என்னிடம் இரகசியமாகக் கேட்கிறது ஒன்று இருக்கு. "தம்பி, மீன் கிடக்கிற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சிருமே?" விஎம்எஸ் சிக்னல் திணைக்களத்துக்குப் போகும், பக்கத்துப் போட்டுக்குப் போகாது. ஏஐஎஸ் என்ற இடம் காட்டுற கருவி வேற. அது வானலையில் சுத்தியிருக்கிற எல்லாருக்கும் கத்துறது, வலை மிதவையில் கட்டுற ஏஐஎஸ் உட்பட. இடம் களவு போகுதென்று பயம் இருந்தால் அதில் கவனமாக இருங்க. விஎம்எஸ்ஸுக்கு மேலே தாச்சியைக் கவிழ்த்து வைக்கிற வேலை வேணாம். எல்லை தாண்டினதாக வேற நாட்டுக்காரன் போட்டைப் பிடிச்சால், நீங்க தாண்டவில்லை என்று காட்டுறதுக்குக் கையில் இருக்கிற பெரிய சாட்சி அந்தப் பதிவுதான். அது நடுவில் ஆறு மணித்தியாலம் வெறுமையாகக் கிடந்தால் யார் நம்புவான்? வங்காள விரிகுடாவில் எஞ்சின் நின்று இழுபட்டுப் போன போட்டைத் தேடுறதுக்கும் கடைசிச் சிக்னலில் இருந்துதான் தொடங்குவாங்க. அவசர பொத்தான் எது, எத்தனை செக்கன் அமத்தவேணும் என்று ஸ்கிப்பருக்கு மட்டும் இல்லாமல் சமைக்கிற பொடியனுக்கும் காட்டிக்கொடுங்க.

கடலில் கருவி நின்றால் ரேடியோவில் உடனே சொல்லுங்க. நின்ற நேரம், இடம், யாரிடம் சொன்னீங்க என்று லொக் புத்தகத்தில் எழுதுங்க. முதலில் பியூசைப் பாருங்க, பிறகு பற்றரி முனையைப் பாருங்க, கருவியைத் திறக்கவே வேணாம். சீல் உடைஞ்சிருந்தால் நீங்கதான் கெடுத்தீங்க என்று ஆகிரும்.

கல்முனை, சாய்ந்தமருதுப் போட்டுகளுக்கு இன்னொரு கஷ்டம். ஒலுவில் துறைமுகத்தின் வாய் மண் மூடிக் கிடக்கிறதால் அவங்கள் போட்டைத் திறந்த கடலில் நங்கூரம் போட்டு வைப்பாங்க, இல்லாட்டி இங்கே கொண்டு வருவாங்க. டெனிஷ் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் அது, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. வெளியே ஆளில்லாமல் நிற்கிற போட்டுக்குச் சோலார் பனல் கட்டாயம் வேணும்.

வாடை காலத்தில் போட்டைக் கரையேத்தி வேலை செய்யப் போறீங்க, கருவியை நிப்பாட்டத்தான் வேணும் என்றால், அதுக்கு முதல் காரியாலயத்துக்குக் கடிதம் கொடுங்க. என்ன தேதியில் நிப்பாட்டுறது, போட் எங்கே கிடக்கும், எப்போ திரும்ப ஓடவிடுவீங்க என்று எழுதி, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கி மற்றக் காகிதங்களோடு அந்தப் பையிலயே வையுங்க.