அம்மாவின் பெட்டிச் சாவியைத் திரையில் வார்த்தெடுப்பது

அம்மாவின் டிரங்குப் பெட்டிச் சாவி இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. பித்தளை. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பிடிக்கும் வளையம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. பற்களுக்கு இடையில் கறுத்துப் போயிருக்கிறது. அம்மாவின் கல்யாணப் புகைப்படங்களை வைத்துக் கணினியில் ஒரு நினைவு ஆல்பம் செய்யத் தொடங்கியபோது, முதல் பக்கத்தின் மூலையில் இந்தச் சாவி தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலில் சாவியை ஸ்கேனரில் வைத்துப் பார்த்தேன். உலோகம் செத்துப் போய் மஞ்சள் அட்டைபோல வந்தது. ஸ்கேனரின் விளக்கு மிக அருகிலேயே நகர்ந்து செல்வதால், ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும் மினுக்கம் அதில் விழுவதில்லை. கைபேசியில் எடுத்த படம் நன்றாக இருந்தது. ஆனால் அதன் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தது, என் ஆல்பத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் இடப்பக்கத்திலிருந்து. ஒட்டியதும் அந்நியமாகத் தெரிந்தது. அதனால் வரைந்தே உருவாக்கினேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். நான் பயன்படுத்துவது ஜிம்ப். படங்களை வரையவும் திருத்தவும் உதவும், காசு கொடுக்க வேண்டாத மென்பொருள்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பித்தளைச் செம்பைத் துலக்கி ஜன்னலோரம் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். செம்பு முழுவதும் மஞ்சளாக இருக்காது. ஜன்னல் ஒரு வெள்ளைப் பட்டையாக வளைந்து நிற்கும். அதை ஒட்டியே, இடைவெளி இல்லாமல், கிட்டத்தட்டக் கறுப்பான ஒரு பட்டை வரும். அது அறையின் இருட்டு. விளிம்புக்குச் சற்று உள்ளே மறுபடி ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். உலோகத்தை உலோகமாகக் காட்டுவது இந்தப் பட்டைகளின் சண்டைதான். வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெதுவாக இறங்கினால் அது களிமண். நடுநிறத்தின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால் அது பிளாஸ்டிக். இன்னொன்றும் கவனியுங்கள்: செம்பின் மினுக்கத்திலும் மஞ்சள் கலந்திருக்கும். பித்தளையும் தாமிரமும் தங்கள் நிறத்தைப் பிரதிபலிப்பின் மேல் ஏற்றித்தான் திருப்பி அனுப்புகின்றன. வெள்ளிக்கு மட்டும் அந்தச் சாயம் அநேகமாக இல்லை.

இனி வேலை. 12 அங்குலச் சதுரப் பக்கம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அடர்த்தியில், 3600 பிக்சல் அகலம் வரும். சாவி அதில் 2 அங்குலம் இருந்தால் போதும் என்றாலும் நான் 1200 பிக்சல் சதுரத்தில் வரைந்தேன். பெரிதாகச் செய்து சுருக்கினால் கூர்மை நிற்கும். சிறியதை இழுத்தால் குழைந்துவிடும். புதிய படம் தொடங்கும்போதே 8 பிட்டுக்குப் பதிலாக 16 பிட் என்று தேர்ந்தெடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே. பின்னால் நாம் கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கருவி) இழுக்கப் போகும் இழுப்புக்கு அவை போதாமல் மினுக்கத்தில் மாடிப்படிபோல வரிகள் விழும். என் முதல் சாவியில் அப்படி விழுந்ததைத் திரையில் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பி, ஒரு பக்கத்தை வீணாக்கினேன்.

ஒரு லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) சாவியின் வடிவத்தை வெள்ளையில் வரையுங்கள். வளையத்துக்கு நீள்வட்டம், தண்டுக்குச் செவ்வகம், பற்களுக்கு இரண்டு சிறு சதுரங்கள். மூலைகளைக் கட்டாயம் மழுக்குங்கள். வார்த்தெடுத்த பித்தளையில், அதுவும் நாற்பது ஐம்பது வருடம் புழங்கியதில், கத்திமுனை மூலை கிடையாது. வடிவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த பகுதியாக, அதாவது செலக்‌ஷனாக்கி, 8 பிக்சல் ஃபெதர் (விளிம்பைக் குழைப்பது) கொடுத்து, உடனே ஷார்ப்பன் (அதை மறுபடி கூராக்குவது) கொடுத்தால் மூலைகள் இதமாக உருண்டுவிடும். இந்தச் செலக்‌ஷனைச் சேனலாக, அதாவது மறுபடி அழைக்கும்படி, சேமித்து வையுங்கள். கடைசிவரை இதுதான் தேவைப்படும்.

அடுத்தது மேடுபள்ளம். புதிய லேயரைக் கறுப்பால் நிரப்பி, செலக்‌ஷனுக்குள் வெள்ளை ஊற்றுங்கள். செலக்‌ஷனை நீக்காமலேயே கௌசியன் பிளரை (படத்தைக் குழைக்கும் ஃபில்டர்) மூன்று முறை கொடுங்கள்: 30, பிறகு 15, பிறகு 6 பிக்சல். வெளிக் கறுப்பு உள்ளே கசிந்து, விளிம்பு தாழ்ந்து நடு உயர்ந்த ஓர் உருண்டை உருவாகும். மூன்றையும் ஒரே பெரிய பிளராகக் கொடுத்தால் சாவி தலையணைபோல உப்பிவிடும்.

இன்னொரு லேயரில் சாம்பல் நிறம். ஒரே சாம்பலாக நிரப்பாதீர்கள். இடது மேலிருந்து வலது கீழாக, சற்று வெளிறிய சாம்பலிலிருந்து சற்று அடர்ந்த சாம்பலுக்கு இழையுங்கள். தட்டையான பகுதிகளில் அறையின் வெளிச்ச வேறுபாடு தெரிவது இதனால்தான். இந்த லேயரின் மேல் ஃபில்டர்ஸ் பட்டியலில் உள்ள, தட்டையான படத்துக்கு மேடுபள்ளம் தரும் பம்ப் மேப்பைத் திறந்து, மேடுபள்ள லேயரை அதற்குக் காட்டுங்கள். அசிமத் (வெளிச்சம் வரும் திசை) 135, எலிவேஷன் (அதன் உயரக் கோணம்) 40 என்று வைத்தேன். ஆழத்தைக் கண்ணால் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு 20 சரியாக இருந்தது. 135 என்றால் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருகிறது. ஆல்பம் முழுவதற்கும் இந்த எண் மாறக் கூடாது. இப்போது திரையில் இருப்பது பிள்ளையார் பிடிக்கும் களிமண்ணில் செய்த சாவி. பயப்பட வேண்டாம்.

உயிர் வருவது கர்வ்ஸில்தான். மூலையிலிருந்து மூலைக்குப் போகும் நேர்கோட்டை அலையாக்குங்கள். கீழ் இடது முனை அப்படியே இருக்கட்டும். கால்வாசித் தூரத்தில் கோட்டை முக்கால் உயரத்துக்குத் தூக்குங்கள். பாதித் தூரத்தில் தரையை நோக்கி இறக்குங்கள். முக்கால் தூரத்தில் ஏறக்குறைய உச்சிக்குக் கொண்டுபோங்கள். கடைசி முனையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். புள்ளிகளை விரலால் வருடுவதுபோல மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு கட்டத்தில் களிமண் சட்டென்று உலோகமாகிவிடும். செம்பில் பார்த்த அந்த வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். நான் இந்த இடத்தில் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டேன், அதில் வருத்தம் இல்லை. அலைகள் அதிகமானால் சாவி பாதரசம்போல ஓட ஆரம்பிக்கும். பழைய பித்தளைக்கு இரண்டு மேடு போதும். முடிந்ததும் 1 பிக்சல் பிளர் கொடுத்து, சேமித்த செலக்‌ஷனுக்கு வெளியே இருப்பதை நீக்கிவிடுங்கள். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு பெவல் அண்ட் எம்பாஸில் உள்ள கிளாஸ் கான்டூர் (Gloss Contour) இதே வேலையைச் செய்யும். அங்கே ரிங் டபுள் என்ற வடிவத்தை முயன்று பாருங்கள்.

நிறத்துக்குக் கிரேடியன்ட் மேப். சாம்பலின் இருட்டு, நடு, வெளிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் ஏற்றுவது அது. பித்தளைக்கு நான் வைத்த மூன்று நிறங்கள், சிவப்பு பச்சை நீலம் என்ற வரிசையில்: இருட்டுக்கு 46, 26, 6, நடுவுக்கு 168, 120, 40, மினுக்கத்துக்கு 255, 238, 176. இருட்டில் கறுப்பு வேண்டாம், காப்பிக்கொட்டைப் பழுப்புதான். தாமிரம் வேண்டுமானால் 52, 18, 8; 184, 102, 62; 255, 218, 190. வெள்ளிக்கு 30, 33, 38; 140, 145, 150; 250, 250, 248. இதே சாவியை மூன்று உலோகத்திலும் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

இதோடு நிறுத்தினால் கடையில் இன்று வாங்கிய சாவி. அம்மாவின் சாவிக்கு இன்னும் வேண்டும். கை படும் இடம் தேயும், படாத இடம் கறுக்கும். மல்டிப்ளை முறையில் (கீழிருப்பதை இருட்டாக்கும் முறை) ஒரு லேயர் வைத்து, பற்களின் சந்திலும் வளையம் தண்டோடு சேரும் இடத்திலும் மென்மையான தூரிகையால் பழுப்பை ஏற்றுங்கள். அந்தச் சந்திலேயே ஒரு சொட்டுப் பச்சை, களிம்பு பிடித்ததுபோல; ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். கீறலுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஒற்றைக் கோடு போட்டால் அது தலைமுடி ஒட்டியதுபோல இருக்கும். 1 பிக்சல் கருங்கோடு, அதன் வலது கீழ்ப்பக்கம் ஒட்டியபடி 1 பிக்சல் வெளிர்கோடு. வெளிச்சம் இடது மேலிருந்து வரும்போது பள்ளத்தின் அருகிலுள்ள சுவர் நிழலாகும், எதிர்ச்சுவர் ஒளி வாங்கும். என் சாவியின் வளையத்தில் ஏழு கீறல்கள் போட்டேன். அசலில் எண்ணிப் பார்த்துத்தான்.

கோப்பைப் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் ஒளிபுகும் பின்னணியைத் தாங்காது. நிழலைச் சாவியோடு சேர்த்துச் சேமிக்காதீர்கள். காகிதத்தின் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறும், நிழலும் அதற்கேற்ப மாற வேண்டும். பக்கத்தில் வைத்த பிறகு இரண்டு நிழல்கள் போடுங்கள். ஒன்று சாவியை ஒட்டி, 3 பிக்சல் தள்ளி, 60 சதவீத அடர்த்தியில். மற்றது 10 பிக்சல் தள்ளி, நன்றாகக் கலைந்து, 25 சதவீதத்தில். முதலாவது சாவியைக் காகிதத்தில் உட்கார வைக்கும், இரண்டாவது அதன் கனத்தைச் சொல்லும். கடைசியாக, காகிதத்தின் நிறத்தை எடுத்துச் சாவியின் கீழ் விளிம்பில் 15 சதவீதம் தடவுங்கள். உலோகம் தான் கிடக்கும் இடத்தையும் பிரதிபலிக்க வேண்டும் அல்லவா?

பக்கத்தை முடிக்கும் முன் அதே அளவில் அச்சிட்டு, அசல் சாவியைப் பக்கத்தில் வைத்து ஜன்னலோரம் பாருங்கள். திரை தானாக ஒளிர்வது, காகிதம் ஒளிராது. நான் முதல் அச்சில் இருட்டுப் பட்டைகள் மையாக அடைத்துப் போயிருந்ததைக் கண்டு, இருட்டு நிறத்தை 46இலிருந்து 62க்கு ஏற்றி மறுபடி அச்சிட்டேன்.